அத்தை ஏறிய தோணி

1974 செப்டம்பரில் மதுரை ரயில் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது அம்மாவின் தோளில் ஒரு கம்பளி கிடந்தது. தோட்டத்தில் மழைக்கும் பனிக்கும் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிற கம்பளி. ஊருக்குப் போனால் உதவும் என்று எடுத்து வந்திருந்தாள். பிளாட்பாரத்தில் மூட்டை தூக்கியவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏத்தா, இந்த வேக்காட்டுக்கு எதுக்கு இது? சிலோன்காரவுகளா?" கேலியாகக் கேட்கவில்லை அவர். ஆனாலும் அந்தப் பெயர் எங்களுக்கு வைக்கப்பட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு இரண்டு நாள் முன்புவரை நாங்கள் இந்தியாக்காரர்கள்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணியக்கணக்கில். பள்ளத்தில் இருக்கிற டிவிஷனுக்கு அங்கே அப்படிப் பெயர். எங்கள் லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் அப்பத்தா, அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள், மழை நாளில் இரண்டு ஆடு. விடியுமுன்னே பெரட்டுத் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, பனியில் நடந்து, பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார். எதிரே சிவனொளிபாதமலை. கீழே மவுசாக்கலை அணை. அந்த அணைக்காகத்தான் 1969இல் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பழைய கோயில் தலைகாட்டும். எங்களுக்கு ஊர் மூழ்குவது புதிதல்ல என்று அப்பா பின்னாளில் சொல்வார்.

டவுனுக்குச் சாமான் வாங்கப் போனால் அங்கே எங்களுக்குப் பெயர் 'கள்ளத்தோணி'. சிங்களவர் வாயில் அது வசை. அர்த்தம் தெரியாமலே குழந்தைகள்கூடச் சொல்லும். தமிழ் பேசுகிறவர்களிலேயே வடக்கிலிருந்து வந்த சிலர் 'தோட்டக்காட்டான்' என்பார்கள். தோட்டக்காட்டான் என்றால் குடிகாரன், சண்டைக்காரன், சம்பள நாளில் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஒரு படம் எல்லோர் தலையிலும் வரைந்திருந்தது. தோட்டத்துக்கு நடுவில் சாராயக் கடையைத் திறந்து வைத்தது யார் என்பது அந்தப் படத்தில் இருக்காது.

கள்ளத்தோணி என்றால் ஒளிந்து படகேறி வந்தவன். என் பூட்டன் ஒளிந்து போகவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், 1877 வாக்கில், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்தவர். கடற்கரை வரைக்கும் நடை, மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு மறுபடி நடை. அந்த வடக்குப் பாதையில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பித் தோட்டத்துக்கென்று போனவர், போன சில வருஷத்தில் இலைத்துரு நோயில் கோப்பி பட்டுப்போய், அதே கையால் தேயிலை நட்டார். ஆள் வேண்டுமென்று கூட்டிப் போனது வெள்ளைக்காரன். கள்ளத்தோணி என்ற பெயர் மட்டும் எங்களுக்கு.

1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அப்பாவை நாடற்றவர் ஆக்கியது. அவருக்குப் பதினெட்டு வயது அப்போது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். "மாட்டுத்தாவணியில மாட்டோட பல்லையாவது பிடிச்சுப் பார்ப்பான். எங்கள அதுகூடப் பார்க்கல" என்பது இதைப்பற்றி அப்பா சொன்ன ஒரே வாசகம்.

எங்களைக் கிளப்பியது ஒப்பந்தம் அல்ல, பசி. 1973, 74இல் அரிசி இல்லை, மா இல்லை. பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலையிலிருந்து வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் வழியில் மறித்துப் பிடுங்குவார்கள். லயத்தில் வயசாளிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கிழங்கும் கீரையும் தின்று வயிறு ஊதிய பிள்ளைகளும் போனார்கள். அப்பா பெட்டிக்கடியில் வைத்திருந்த இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து வெளியே வைத்தார். அப்பாவின் தங்கையான அத்தையும் கண்டித் துணைத் தூதரகத்தில் மனுப் போட்டவள்தான். ஆனால் மாமா, "இந்தத் தேயிலைக்கு அடியிலதான் எங்கப்பன் கெடக்கான்" என்று சொல்லிக் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

அட்டன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். உள்ளே இருப்பவர்களும் அழுவார்கள், வெளியே நிற்பவர்களும் அழுவார்கள். வண்டி நகர்ந்த பிறகும் அத்தை ஜன்னல் கம்பியை விடவில்லை. கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். அப்பத்தா மட்டும் அழவில்லை. மடியில் ஓர் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டிருந்தாள். அம்மி கனம் என்று அப்பா தடுத்துவிட்டார், குழவியை மட்டும் ஒளித்து எடுத்து வந்துவிட்டாள். சாகிறவரைக்கும் மதுரையில் யார் யார் வீட்டு அம்மியிலோ அந்தக் குழவியை வைத்து அரைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் பொருந்தவில்லை.

தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகிற கூலிகளை அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. தாத்தா அந்த வாசல் வழியாக ஒரு தடவை ஊர் பார்க்க வந்து திரும்பிப் போயிருக்கிறார். "அப்பவும் வரிசைதான், இப்பவும் வரிசைதான்" என்றாள் அப்பத்தா. முகாமில் எங்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதன்படி நாங்கள் 'தாயகம் திரும்பியோர்'. நல்ல தமிழ். யாரும் எங்களை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு அப்பா நெஞ்சை நிமிர்த்திக் கள்ளிக்குடிப் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னார். அப்பா ஒரு தடவைகூடப் பார்த்திராத ஊர். ஆனால் அதன் கண்மாய்க்கு எத்தனை மடை, குலசாமி எந்த மரத்தடியில், எந்த ஓடையைத் தாண்டினால் எங்கள் புஞ்சை என்பதெல்லாம் லயத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மாசி மாதம் காமன் கூத்துக் கட்டினால், பாட்டுக்கு நடுவில் அந்த ஊரின் பெயரும் வரும். எனக்கு ஊர் என்றால் பச்சை. மலையிலேயே வளர்ந்தவனுக்குப் பச்சையில்லாத ஓர் இடத்தைக் கற்பனை செய்ய வராது.

பேருந்து விட்டுப்போன இடத்தில் கருப்பு மண், சீமைக்கருவேலம், வெயில். கண்மாயில் ஆடு மேய்ந்தது. குலசாமி இருந்தது, மரம் இல்லை. பெரியப்பா முறையாகிற ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து "வாங்க" என்றார். எங்கள் மூட்டைகளை எண்ணினார். தண்ணீர் கொடுத்தார்கள். அது குடித்து முடிவதற்குள் அவர் வாயில் வந்துவிட்டது: "எம்புட்டு நாளு இருப்பீக?"

அப்பாவுக்குப் புரியவில்லை. அப்பத்தாவுக்குப் புரிந்துவிட்டது. பஞ்சத்தில் விட்டுப்போன புஞ்சைக்குப் பங்கு கேட்டு வந்திருக்கிறோம் என்று ஊர் முழுக்க அதற்குள் பேச்சு. அந்தப் புஞ்சையில் கருவேலத்தைத் தவிர ஒன்றும் விளையவில்லை என்பது வேறு விஷயம். அந்த வீட்டை நான் இன்றைக்குக் குறை சொல்லமாட்டேன். கஞ்சிக்கே திண்டாடுகிற வீட்டு வாசலில் ஆறு பேர் வந்து, நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று நின்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

எட்டு மாதம் இருந்தோம். அம்மா கரிமூட்டத்துக்குப் போனாள். இருபது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண் பார்க்காமலே எடுக்கும். அந்த விரலில் கருவேல முள் ஏறிச் சீழ் பிடித்தது. எங்களுக்கெல்லாம் உடம்பு முழுக்க வேனல் கட்டி. கம்பளியை அப்பத்தா வாசலில் திரையாகத் தொங்கவிட்டாள். மறுவாழ்வுக்கென்று அரசாங்கம் கொடுத்த வியாபாரக் கடனை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். வாங்கித் தரவும் செய்தார். அப்பா கையில் வந்து சேர்ந்தது பாதிக்கும் குறைவு. மீதிப் பணத்துக்கும் சேர்த்து வசூல் கடிதம் வந்தது. எங்களோடு கப்பலில் வந்த ஒரு குடும்பம் கொடைக்கானல் மலையில் சவுக்குப்பட்டை உரிக்கப் போய், முன்பணத்துக்கு அடைபட்டு வருஷக்கணக்கில் கீழே இறங்க முடியாமல் கிடந்தது. மலைக்காரன் மலைக்கே போகட்டும் என்று அவர்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

நாங்கள் மதுரைக்கு வந்தோம். பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் அப்பாவுக்கு வேலை. ஒரு வேடிக்கை: தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன் என்றதும் கடைக்காரர் அப்பாவை டீ மாஸ்டராகவே நிற்க வைத்துவிட்டார். அப்பாவுக்குத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தெரியும், பில்லு வெட்டத் தெரியும். டீ போடத் தெரியாது. தோட்டத்தில் நாங்கள் குடித்தது தூள் சலித்த கழிவில் போட்ட சாயத்தண்ணி. நல்லதெல்லாம் லண்டனுக்குப் போய்விடும். பாலும் டிகாஷனும் ஆற்றுகிற வித்தையை அப்பா நாற்பத்தைந்து வயதில் மதுரையில்தான் கற்றார். அந்தக் கடைக்குப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் 'சிலோன் பரோட்டா' என்று ஒன்று போடுவார்கள். அப்படியொரு பரோட்டாவை நாங்கள் இலங்கையில் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அப்பாவிடம், "என்னண்ணே, உங்க ஊருலயும் இப்படித்தானா?" என்று கேட்பார்கள். அப்பா பெருமையாகத் தலையாட்டுவார். அடுத்த கேள்வி, "சிலோன் சோப்பு ஏதும் இருக்கா?" எல்லா சிலோன்காரனும் கடத்தல்காரன் என்பது இங்கே வரைந்து வைத்திருந்த படம்.

பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு வகுப்பு கீழே போட்டார்கள். நான் போத்தல் என்றால் வகுப்பே சிரிக்கும். பாண் என்றால் சிரிக்கும். கோச்சி என்றால் விழுந்து விழுந்து சிரிக்கும். சீனி என்ற ஒரு சொல்லுக்குத்தான் யாரும் சிரிக்கவில்லை, மதுரையிலும் அது சீனிதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் நீந்தினேன். சாயங்காலம் அதே பையன்கள் டீக்கடை ரேடியோவுக்கு அடியில் நின்று இலங்கை வானொலியை வாய் பிளந்து கேட்பார்கள். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலைப்போலப் பேசிக் காட்டுவார்கள். அவரும் போத்தல் என்றுதான் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

வேறொன்று தோன்றியது. எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்த புதிது. மதுரையில் தெருவுக்கொரு மன்றம். ஒருநாள் ஒருவன் "சிலோன்காரா" என்று கூப்பிட்டதும், "உங்க வாத்தியாரே கண்டியில பொறந்தவருதாண்டா" என்றேன். உண்மைதான்; 1917இல் கண்டிப் பக்கம்தான் பிறந்தார். அன்றைக்கு வாங்கிய உதையில் என் கடவாய்ப்பல் ஒன்று ஆடிப்போனது. அடித்தவன் அப்புறம் தன் மன்றத்து அண்ணன்களிடம் விசாரித்திருக்கிறான். மறுநாள் வந்து தோளில் கைபோட்டு, கல்கோனா மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். இன்றுவரை நண்பன்.

யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் வந்தவர்கள் யாரில்லை? திருமலை நாயக்கர் மகால் பக்கம் நடந்தால் இரண்டு பக்கமும் சௌராஷ்டிரம் காதில் விழும். அந்த மகாலைக் கட்டின நாயக்கர் வீட்டு மொழி தெலுங்கு. பட்டுநூல்காரர்களான அந்தச் சௌராஷ்டிரர்கள் கொண்டுவந்த சுங்குடிதான் இன்றைக்கு மதுரைச் சேலை. பழசாகிவிட்டால் வந்தேறி ஊர்க்காரன் ஆகிவிடுவான். எவ்வளவு பழசாக வேண்டும் என்பதில்தான் ஊர் கறாராக இருக்கிறது.

பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கான வரலாற்று நோட்ஸ் அங்கே நிறைய வரும். ஈய எழுத்தைத் தலைகீழாகக் கோத்துக் கோத்துத்தான் நான் உலகம் படித்தேன். அப்படி ஒருநாள் கைக்கு வந்தது அயர்லாந்து. 1845இல் உருளைக்கிழங்குச் செடியில் ஒரு கருகல் நோய். ஏழைகளுக்கு அதைவிட்டால் சாப்பாடு இல்லை. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கும் மேல் கப்பலேறினார்கள். அவர்கள் பட்டினி கிடந்தபோதே அந்த நாட்டுத் தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. ஓடிப்போன இடத்தில் அவர்களுக்கும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள்: குடிகாரன், சண்டைக்காரன், குரங்கு மூஞ்சி. லண்டன் பத்திரிகைகளில் நிஜமாகவே குரங்குபோல வரைந்தார்கள். வேலை விளம்பரத்தில் ஐரிஷ்காரர் வரவேண்டாம் என்று போட்டார்கள். கோத்துக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளைக்காரனிலும் தோட்டக்காட்டான் உண்டு என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர்களைத் துரத்தியது கிழங்கில் வந்த நோய். எங்கள் கோப்பியை அழித்தது இலையில் வந்த நோய். பேதம் என்னவென்றால், அவர்கள் போன அமெரிக்காவில் பிற்பாடு அவர்கள் வீட்டுப் பிள்ளை ஜனாதிபதியானான்.

1981 ஜனவரியில் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு. தெருவெல்லாம் வளைவு, விளக்கு, தமிழன் தமிழன் என்று சுவரெழுத்து. எங்கள் அச்சகத்தில் இரவு பகலாக நோட்டீஸ் ஓடியது. 'தமிழன்' என்ற சொல்லை அந்த மாதம் எத்தனை முறை கோத்தேனோ, ன் எழுத்து தீர்ந்துபோய்ப் பக்கத்து அச்சகத்தில் கடன் வாங்கினோம். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ். கடையடைப்பு, ஊர்வலம். தெருவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். 'சிலோன்காரன்' ஒரே வாரத்தில் 'ஈழத்தமிழன்' ஆனேன். நான் ஈழத்தமிழன் அல்ல, மலையகத்தான் என்று விளக்கப் போனால், அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அன்பாக இருக்கிறவர்களிடம் வாதாடக்கூடாது என்று அப்பா சொன்னார்.

அத்தையின் கடிதங்கள் அதற்கு முன்பே குறைந்துவிட்டிருந்தன. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியதும் அவர்கள் குடும்பம் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடிசை போட்டது. இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்து சேர்ந்த நேரத்தில், 1984இல், சண்டையால் கப்பல் நின்றுபோனது. கையில் புத்தகம் இருக்கிறது, ஏறக் கப்பல் இல்லை. 1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியது. ஒருநாள் மண்டபம் முகாமிலிருந்து எனக்கு அஞ்சலட்டை வந்தது.

அப்பா அப்போது இல்லை. நான்தான் போனேன். வரிசையில் பதினாறு வருஷத்துக்குப் பிறகு அத்தையைப் பார்த்தேன். மாமா வரவில்லை, எங்கே என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. பேசாலைப் பக்கத்தில் வளையல் முழுக்கக் கொடுத்து, இருட்டில் மீன்பிடிப் படகில் முப்பது பேரோடு ஏறியிருக்கிறாள். வழியில் பாஸ்போர்ட் வைத்திருந்த பை தண்ணீரில் போய்விட்டது. எல்லாம் சொல்லிவிட்டு, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். பயந்துவிட்டேன்.

"இல்லடா தம்பி. ஆயுசு முழுக்கச் சொன்னானுங்கல்ல, கள்ளத்தோணி கள்ளத்தோணின்னு. கடைசியில ஏறியே பார்த்துட்டேன்."

மதுரைக்கு வடக்கே ஆனையூர் முகாமில் அவளுக்கு இடம் கிடைத்தது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும்: அண்ணன் 1974இல் கப்பலில் வந்ததால் குடிமகன், தங்கை 1990இல் படகில் வந்ததால் அகதி. 1991 மே 21க்குப் பிறகு அந்த வித்தியாசமும் கொஞ்ச நாள் அழிந்துபோனது. ராஜீவ் காந்தியைக் கொன்ற ஸ்ரீபெரும்புதூர் குண்டு வெடித்த மறுவாரம் என் வீட்டுக்காரர், எட்டு வருஷம் முன்பு என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர், கண்ணைப் பார்க்காமல் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அடுத்த வீடு தேடுகையில் எல்லா இடத்திலும் முதல் கேள்வி சொந்த ஊர். கள்ளிக்குடிப் பக்கம் என்றேன். பூட்டன் காலத்து உண்மை அது. அன்றைக்கு எனக்குப் பொய்போல நாக்கில் ஒட்டியது.

முகாமில் அத்தையின் பேத்திகள் பிறந்தார்கள், படித்தார்கள். மதுரைத் தமிழ்தான் பேசுகிறார்கள், பாண் என்றால் அவர்களுக்கே சிரிப்பு வரும். காகிதத்தில் அவர்கள் இலங்கையர். 2019 ஜூனில், நாங்கள் எங்கள் ஊருக்கே வந்திருக்கிறோம், எங்களைக் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று திருச்சி முகாமிலிருந்து வழக்குப் போட்ட 65 மலையகத் தமிழர்களின் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. ஆனையூர் முகாம் இருக்கிற அதே மதுரையிலேயே இருக்கிற நீதிமன்றம். பேத்திகளில் மூத்தவள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். அதே வருஷக் கடைசியில் நாடாளுமன்றம் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப்பலகை எழுத வந்தவனுக்கு அவள்தான் ஏணி பிடித்தாளாம்.

அத்தை இதில் எதையும் பார்க்கவில்லை. அவள் உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முகாமுக்குப் போவேன். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. "லயத்துல ரெண்டடி கூட இருந்துச்சு" என்பாள். எனக்கென்று சாயத்தண்ணி போடுவாள், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வெல்லம். அம்மா காலத்துக் கம்பளி எப்படியோ அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. மடித்து அதன்மேல் என்னை உட்கார வைப்பாள். ஒருநாள் டம்ளரை என் கையில் கொடுக்கிற நேரத்தில் வெளியே விசில் சத்தம். முகாம்வாசிகள் எல்லோரும் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் தலை எண்ண வந்திருந்தார்கள். அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் பதிவு போய்விடும், அந்த மாதப் பணமும் போய்விடும். அத்தை எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்து, மஞ்சப்பையிலிருந்து குடும்ப அட்டையை எடுத்தாள்.

"பெரட்டுக்கு அடிச்சிட்டானுங்க. நீ குடிச்சிக்கிட்டிரு, வந்துர்றேன்."